2147483647: பார்வை போன பிறகு ஆய்லர் பிடித்த எண்!

2014 டிசம்பர் மாதத் தொடக்கம். கொரியப் பாடகர் சையின் 'கங்னம் ஸ்டைல்' வீடியோ வெளியாகி இரண்டரை வருடம் ஆகப்போகிறது. குதிரை ஓட்டுவதுபோல ஆடும் அந்த டான்ஸை உலகமே ஆடி முடித்திருந்தது. ஆனாலும் வியூஸ் நிற்கவில்லை, ஏறிக்கொண்டே போனது. அப்போது யூடியூப் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஒரு வீடியோவை இத்தனை முறை பார்ப்பார்கள் என்று நினைத்ததே இல்லை, அதனால் எண்ணிக்கை காட்டும் கவுன்ட்டரையே மாற்ற வேண்டியதாகிவிட்டது என்பதுதான் விஷயம்.

'இத்தனை' என்றால் எத்தனை? 2147483647. நம் கணக்கில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. பழைய கவுன்ட்டரால் அதுவரைதான் எண்ண முடியும். அதற்கு மேல் ஒன்றே ஒன்று கூடினாலும் கணக்கு குப்புற விழுந்துவிடும்.

200 கோடி, 250 கோடி என்று முழுசாக இல்லாமல் அது என்ன இப்படி ஒரு கோணல் எண்?

நாம் பத்து விரல்களை வைத்து எண்ணிப் பழகியவர்கள். அதனால் 10, 100, 1,000 எல்லாம் நமக்கு முழுசாகத் தெரியும். கம்ப்யூட்டருக்கு விரல் கிடையாது, சுவிட்ச்தான். ஒவ்வொன்றும் ஆன் அல்லது ஆஃப். ஒரு சுவிட்ச் இருந்தால் 1 வரை எண்ணலாம். இரண்டு இருந்தால் 3 வரை. மூன்று என்றால் 7, நான்கு என்றால் 15. எத்தனை சுவிட்ச் இருக்கிறதோ அத்தனை இரண்டுகளைப் பெருக்கி, அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் உச்சவரம்பு கிடைத்துவிடும்.

பல வருடங்களாக கம்ப்யூட்டர்களில் ஓர் எண்ணுக்கு 32 சுவிட்ச் என்பதுதான் வழக்கம். அதில் ஒன்று பிளஸ்ஸா, மைனஸா என்று காட்டுவதற்குப் போய்விடும். மிச்சம் 31. அந்த முப்பத்தொன்றும் ஆன் ஆனால் வரும் எண்தான் 2147483647. பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் 99999 வந்ததும் திரும்ப 00000 ஆகிவிடும், நினைவிருக்கிறதா? இங்கே பூஜ்யத்துக்குக்கூடத் திரும்பாது. மைனஸ் 214 கோடிக்குப் பாய்ந்துவிடும்.

பாட்டுக்கு வியூஸ் குறைவாகக் காட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால், இந்த முட்டுச்சுவர் வேறு இடங்களிலும் இருக்கிறது. 2015-ல் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகம், போயிங் 787 ரக விமானங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. மின்சாரத்தை ஒருமுறைகூட அணைக்காமல் 248 நாள்கள் தொடர்ந்து வைத்திருந்தால், ஜெனரேட்டர்களைக் கட்டுப்படுத்தும் கருவிகளில் உள்ள கவுன்ட்டர் நிரம்பி வழிந்துவிடும். எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோக வாய்ப்பிருக்கிறது. அதனால், அவ்வப்போது அணைத்துப் போடுங்கள் என்றது உத்தரவு. ஒரு நொடியை நூறாகப் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணும் கவுன்ட்டர் ஒன்று, 2147483647-ஐத் தொட எவ்வளவு நாள் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 248 நாள், 13 மணி நேரம்!

இன்னொரு தேதியும் இருக்கிறது. 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. பல கம்ப்யூட்டர்கள் நேரத்தை 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனை நொடி ஆனது என்று எண்ணித்தான் தெரிந்துகொள்கின்றன. அந்த எண்ணிக்கை 2147483647-ஐத் தொடும்போது இந்தியாவில் காலை மணி 8, 44 நிமிடம், 7 நொடி. 32 சுவிட்ச் வைத்து எண்ணும் கருவிகளுக்கு அடுத்த நொடி 1901-ம் வருட டிசம்பர். பதறவேண்டாம். இப்போதைய போன்களும் கம்ப்யூட்டர்களும் பெரும்பாலும் 64 சுவிட்சுக்கு மாறிவிட்டன. எங்கோ ஒரு மூலையில் பொருத்திவிட்டு மறந்துபோன பழைய கருவிகள்தான் கவலை. 20 வருட வீட்டுக் கடனின் கடைசித் தவணைத் தேதியைக் கணக்கிடும் மென்பொருளுக்கோ, 2038 ஏற்கெனவே வந்தாகிவிட்டது.

இது எல்லாம் இந்த எண்ணின் இரண்டாவது வாழ்க்கை. முதல் வாழ்க்கை, கம்ப்யூட்டர் என்ற ஒன்று இல்லாத காலத்தில், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் தொடங்கியது. அங்கே இதை யாரும் முட்டுச்சுவராகப் பார்க்கவில்லை. உலகத்துக்குத் தெரிந்த மிகப்பெரிய பகா எண்ணாகப் பார்த்தார்கள்.

ஒரு பாதிரியாரின் பட்டியல்

பகா எண் எது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் சொல்லிவிடும். 1-ஆலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மிச்சமில்லாமல் வகுபடாத எண். 2, 3, 5, 7, 11, 13... இப்படியே போகும். இதற்கு முடிவே கிடையாது என்று 2,300 வருடங்களுக்கு முன்பே யூக்ளிட் நிரூபித்துவிட்டார். முடிவில்லை என்று தெரிவது வேறு. 'இதோ, இந்த எண் பகா எண்' என்று ஒரு பெரிய எண்ணைக் கைகாட்டுவது வேறு. இரண்டாவதுதான் கஷ்டம்.

இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழிக்கும் எண்களின் மீது பழைய கணித மேதைகளுக்குத் தனிப் பிரியம். காரணம், அவை பகா எண்ணாக இருந்தால், அவற்றிலிருந்து நிறை எண்களைச் செய்யலாம். 6 ஒரு நிறை எண். அதை வகுக்கும் சிறிய எண்களான 1, 2, 3-ஐக் கூட்டினால் அதே 6 வரும். 28-ம் அப்படித்தான்: 1, 2, 4, 7, 14. இந்த வழியைக் காட்டியதும் யூக்ளிட்தான்.

பாரிஸில் வாழ்ந்த மரின் மெர்சென் என்ற துறவி 1644-ல் ஒரு பட்டியல் போட்டார். எத்தனை இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் பகா எண் கிடைக்கும்? 257 இரண்டுகள் வரை அவர் சொன்ன பதில்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இதில் 67-ம் 257-ம் தவறு. 61, 89, 107 விட்டுப்போயின. ஆனாலும் இன்றுவரை இந்த வகைக்கு மெர்சென் பகா எண்கள் என்றுதான் பெயர். பதிலைத் தப்பாகச் சொன்னாலும், கேள்வியைச் சரியாகக் கேட்டதால் பெயர் கிடைத்த ஆள் அவர்.

31 இரண்டுகள் விஷயத்தில் மெர்சென் சொன்னது சரிதான். ஆனால், சொன்னால் போதுமா? பெருக்கும் இரண்டுகளின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால் விடையும் பகா எண்ணாக இருக்கும் என்று நம்பவும் முடியாது. 11 பகா எண். 11 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2047. அது 23 × 89. 31-க்குப் பக்கத்திலேயே இருக்கும் 29-ம் ஏமாற்றிவிடும். அதில் வரும் 536870911 என்ற எண்ணை 233 சத்தமில்லாமல் வகுத்துவிடுகிறது.

லியோனார்டு ஆய்லருக்கும் சந்தேகம் இருந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் 1707-ல் பிறந்தவர். 25 வயதிலேயே, ஃபெர்மா என்ற மேதை பகா எண் என்று நம்பிய 4294967297-ஐ 641-ஆல் வகுத்துக் காட்டியவர். அப்பேர்ப்பட்டவரே 1752-ல் நண்பர் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில், இந்த 31 இரண்டுகளின் எண் பகா எண்தானா என்று தனக்கு நிச்சயமில்லை என்றுதான் எழுதினார். ஒன்றுவிடாமல் வகுத்துப் பார்த்துவிடலாமே என்று தோன்றலாம். இந்த எண்ணின் வர்க்கமூலம் 46,340-க்குக் கொஞ்சம் மேல். அதுவரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அவை கிட்டத்தட்ட 4,800. பேப்பரும் பேனாவும் வைத்துக்கொண்டு 4,800 முறை நீள்வகுத்தல். ஒரு இடத்தில் கை தவறினாலும் எல்லாம் போச்சு.

தீயும் கத்தியும்

அந்தச் சந்தேகம் தீர 20 வருடங்கள் ஆயின. இடையில் ஆய்லரின் வாழ்க்கையில் நடந்ததைப் படித்தால், அந்த எண்ணை அவர் ஞாபகம் வைத்திருந்ததே ஆச்சர்யம்தான்.

வலது கண் முப்பது வயது வாக்கிலேயே பழுதாகிவிட்டது. 1766-ல் ரஷ்ய அரசி கேத்தரின் அழைப்பை ஏற்று, பெர்லினிலிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குத் திரும்பினார். அந்தச் சமயத்தில் இடது கண்ணிலும் புரை விழுந்தது. வெளிச்சம் இருக்கிறதா, இல்லையா என்பது மட்டும் மங்கலாகத் தெரியும். 1771 மே மாதம் நகரத்தில் பெரிய தீ விபத்து. ஆய்லரின் வீடும் எரிந்தது. வழி தெரியாமல் உள்ளே மாட்டிக்கொண்டவரை, அவருடைய சொந்த ஊரான பாசலைச் சேர்ந்த பீட்டர் கிரிம் என்பவர் நெருப்புக்குள் புகுந்து தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். எழுதி வைத்திருந்த காகிதங்களில் பெரும்பகுதியைக் காப்பாற்றிவிட்டார்கள்.

அதே வருடம் இடது கண்ணில் புரை அறுவை சிகிச்சை நடந்தது. மயக்க மருந்து, கிருமிநாசினி எல்லாம் கண்டுபிடிக்கப்படாத காலம். கட்டுப் பிரித்ததும் பார்வை வந்தது. சில நாள்கள்தான். கண்ணில் சீழ் வைத்து, கடுமையான வலியோடு அந்தப் பார்வையும் போய்விட்டது. அப்போது அவருக்கு வயது 64.

அடுத்த வருடமே, 1772-ல், பெர்லின் அகாடமியின் ஆய்வுத் தொகுதிக்காக மூன்றாம் யோஹான் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் ஆய்லர் சொல்லிவிட்டார். 2147483647 பகா எண்தான். சந்தேகமே இல்லை.

கண் தெரியாதவர் எப்படி? ஒன்று, நினைவாற்றல். வெர்ஜிலின் 'ஈனிட்' காவியம் முழுவதும் அவருக்கு மனப்பாடம் என்றும், தன்னிடம் இருந்த புத்தகத்தின் எந்தப் பக்கத்தைச் சொன்னாலும் அதன் முதல் வரியையும் கடைசி வரியையும் சொல்லிவிடுவார் என்றும் அவருடைய இரங்கலுரைகளில் இருக்கிறது. மகன்களும் சீடர்களும் கூடவே இருந்தார்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதினார்கள். வாழ்நாளில் அவர் எழுதியதில் கிட்டத்தட்ட பாதி, பார்வை போன பிறகு இப்படி வந்ததுதான்.

ஆனால், நினைவாற்றல் மட்டும் போதாது. 4,800 வகுத்தல்களைச் சுருக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள், சூத்திரம் எதுவும் கிடையாது.

வட்டமடிக்கும் எண்கள்

7 என்ற பகா எண்ணை எடுத்துக்கொள்வோம். 1-ல் ஆரம்பித்து இரட்டித்துக்கொண்டே போவோம். 7-ஐத் தாண்டினால், 7-ஐக் கழித்துவிட்டு மீதியை மட்டும் வைத்துக்கொள்வோம். 1, 2, 4... அடுத்து 8. அதில் 7 போனால் 1. மூன்றே தாவலில் புறப்பட்ட இடத்துக்கு வந்தாயிற்று. இப்போது 7-லிருந்து ஒன்றைக் கழியுங்கள். 6. அந்த 6-ஐ, நாம் தாவிய 3 மிச்சமில்லாமல் வகுக்கிறது. 2-ஐத் தவிர எந்தப் பகா எண்ணை வைத்து இந்த விளையாட்டை ஆடினாலும் இப்படித்தான் நடக்கும். ஃபெர்மா கண்டுபிடித்து, ஆய்லர் நிரூபணம் எழுதிய உண்மை இது.

இனி நம்முடைய பெரிய எண். ஏதோ ஒரு பகா எண் அதை வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பகா எண்ணை வைத்து இரட்டிக்கும் விளையாட்டை ஆடினால், 31-வது தாவலில் கட்டாயம் 1-க்கு வந்து நிற்போம். நடுவிலேயே ஒருமுறை வட்டம் முடிந்திருக்கலாமோ? அப்படியென்றால் அந்தச் சின்ன வட்டங்கள் 31 தாவலுக்குள் மிச்சமில்லாமல் பொருந்த வேண்டும். 31-ஐத்தான் பங்கு போட முடியாதே, அது பகா எண்! ஆக, வட்டத்தில் சரியாக 31 தாவல். அப்படியானால், நாம் தேடும் எதிரியிடமிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது 31-ஆல் வகுபட்டே ஆக வேண்டும். 2047-ஐ நினைத்துப் பாருங்கள். அதை வகுத்த 23, 89 இரண்டிலும் ஒன்றைக் கழித்தால் 22, 88. இரண்டுமே 11-ஆல் வகுபடுகின்றன.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. இந்த எண்ணை வகுக்கக்கூடிய எதிரியை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7-தான் வரவேண்டும். இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், எதிரியை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆக இருந்தாக வேண்டும். 248 என்பது 31 × 8. (விமானத்தின் 248 நாள்களும் இந்த 248-ம் ஒன்றாக இருப்பது தற்செயல். ஒரு நாளில் 86,400 நொடிகள் இருப்பதால் வந்த ஒற்றுமை, வேறொன்றும் இல்லை.)

இந்தச் சல்லடையில் போட்டுச் சலித்தால், 46,340 வரை வெறும் 370 சொச்சம் எண்கள்தான் மிஞ்சுகின்றன. அவற்றிலும் பகா எண்கள் சுமார் எண்பது. 3, 5, 7, 11, 13 என்று நாம் முதலில் சந்தேகப்படும் எவரும் அந்தப் பட்டியலில் இல்லை. முதல் ஆளே 311. அடுத்த ஆள் 1303. அதற்கடுத்து 1489. உங்கள் போனில் கால்குலேட்டரைத் திறந்து வகுத்துப் பாருங்கள். 311-ஆல் வகுத்தால் 35 மிஞ்சும். 1303-ஆல் வகுத்தால் 226. 1489-ஆல் வகுத்தால் 199. இப்படியே கடைசிவரை ஒவ்வொருவரும் எதையாவது மிச்சம் வைத்துவிட்டுத் தோற்றுப்போகிறார்கள்.

4,800-ஐ எண்பதாக்கியது கண்ணோ கையோ அல்ல. வகுக்கவே தேவையில்லாதவை எவை என்று முதலில் யோசித்ததுதான். இருட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், தொடாமலேயே 4,700 எண்களைக் கழித்துக் கட்டியிருக்கிறார். இந்தக் கண்டுபிடிப்பால் எட்டாவது நிறை எண்ணும் கிடைத்தது: 2305843008139952128. அடுத்த முக்கால் நூற்றாண்டுக்கும் மேல், 2147483647-ஐவிடப் பெரிய பகா எண் எதையும் யாரும் காட்டவில்லை.

'இதனால் என்ன பிரயோஜனம்?'

எந்தக் கணக்கு வாத்தியாரும் கேட்டிருக்கக்கூடிய கேள்வி இது. இங்கே கேட்டவரே ஒரு கணக்கு வாத்தியார். பீட்டர் பார்லோ, இங்கிலாந்தின் வூலிச் ராணுவ அகாடமியில் பாடம் நடத்தியவர். தொலைநோக்கிகளில் இன்றும் அவர் பெயரில் ஒரு லென்ஸ் இருக்கிறது. 1811-ல் எண்கள் பற்றி எழுதிய புத்தகத்தில், ஆய்லரின் எண்ணிலிருந்து வந்த அந்த நிறை எண்தான் மனிதர்கள் கண்டுபிடிக்கப்போகும் ஆகப்பெரிய நிறை எண் என்று எழுதிவிட்டார். இவை வேடிக்கைக்குத்தானே தவிர உபயோகத்துக்கு இல்லை, இதைத் தாண்டி யார் மெனக்கெடப் போகிறார்கள் என்பது அவருடைய வாதம்.

மெனக்கெட்டார்கள். 1876-ல் பிரான்ஸின் எதுவார் லூகா, 127 இரண்டுகளின் எண்ணுக்குப் போய்விட்டார். 39 இலக்கம், எல்லாம் கைக்கணக்கு. 1903-ல் அமெரிக்கரான ஃபிராங்க் நெல்சன் கோல், மெர்சென் தப்பாகச் சொன்ன 67 இரண்டுகளின் எண்ணை 193707721 × 761838257287 என்று உடைத்துக் காட்டினார். 2024 அக்டோபரில் லூக் டுரான்ட் என்ற 36 வயது அமெரிக்கர், 17 நாடுகளில் இருக்கும் கம்ப்யூட்டர்களை வாடகைக்குப் பிடித்துத் தேடி ஒன்றைக் கண்டுபிடித்தார். 13 கோடியே 62 லட்சத்து 79 ஆயிரத்து 841 இரண்டுகள். அந்தப் பகா எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். ஆக, யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்ற ஜோசியம் பலிக்கவில்லை.

உபயோகம்? இங்கேதான் அவசரப்பட்டு பார்லோவைக் கிண்டல் செய்துவிடக் கூடாது. யூடியூப் கவுன்ட்டரையும் 2038-ஐயும் காட்டி, 'பார்த்தீர்களா, ஆய்லரின் எண் உலகத்தையே ஆள்கிறது' என்று சொல்வது சுலபம். ஆனால், அது நேர்மையான பதில் இல்லை. அந்த இடங்களில் 2147483647 வந்து நிற்பதற்குக் காரணம் 31 சுவிட்ச், அவ்வளவுதான். அது பகா எண்ணாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவுன்ட்டர் அங்கேதான் முட்டும். யூடியூப் பிறகு மாறிய 64 சுவிட்ச் கவுன்ட்டரின் எல்லை 9223372036854775807. 92 ஆயிரம் கோடி கோடிக்கும் மேல். எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது! ஆனால், 7-ஆல் ஒருமுறை அல்ல, இரண்டு முறை வகுபடும். பகா எண்ணாக இல்லையே என்று எந்த வீடியோவும் நின்றுபோகவில்லை.

ஆய்லர் நிரூபித்த குணமே தேவைப்படும் வேலை வேறொன்று. அது, கம்ப்யூட்டருக்குத் தாயம் உருட்டக் கற்றுக்கொடுப்பது.

கம்ப்யூட்டரிடம் 'ஏதாவது ஓர் எண் சொல்லு' என்று கேட்டால் திணறும். சொன்னதைச் செய்யும் இயந்திரத்துக்கு 'ஏதாவது' என்றால் என்னவென்று தெரியாது. அதனால் ஒரு கணக்கைக் கொடுத்து, வரும் விடைகள் தாறுமாறாகத் தெரியும்படி செய்துவிடுவார்கள். மேலே பார்த்த வட்டமடிக்கும் விளையாட்டுதான், இரட்டிப்பதற்குப் பதில் வேறோர் எண்ணால் பெருக்குவது. 7-ஐ வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் 3-ஆல் பெருக்கி மீதியை எடுத்தால்: 1, 3, 2, 6, 4, 5, மறுபடி 1. 1 முதல் 6 வரை எல்லா எண்களும் ஒருமுறை வந்துவிட்டன, அதுவும் கலைத்துப் போட்ட வரிசையில். தாயக்கட்டை தயார். இப்போது 7-க்குப் பதில் 8-ஐ வைத்து அதே 3-ஆல் பெருக்கிப் பாருங்கள். 1, 3, 1, 3... முடிந்தது கதை. வேறு எந்த எண்ணால் பெருக்கினாலும் 8-ஐ வைத்து 1 முதல் 7 வரை எல்லாவற்றையும் வரவழைக்க முடியாது. பகா எண்ணாக இருந்தால்தான், பெருக்கும் எண்ணைச் சரியாகத் தேர்ந்தெடுத்து ஒன்றுவிடாமல் எல்லா எண்ணையும் சுற்றிவர முடியும்.

32 சுவிட்ச் கம்ப்யூட்டருக்கு இதைவிடப் பொருத்தமான பகா எண் எங்கே கிடைக்கும்? அந்த எல்லைக்குள் அடங்கும் மிகப்பெரிய எண்ணே பகா எண்ணாக அமைந்துவிட்டது. 31-க்குப் பதில் 29 சுவிட்சாக இருந்திருந்தால் அந்த அதிர்ஷ்டம் கிடைத்திருக்காது. 1969-ல் ஐபிஎம் கம்ப்யூட்டர்களுக்காக இப்படி ஒரு தாயக்கட்டையைச் செய்தார்கள். 1-ல் ஆரம்பித்து, ஒவ்வொரு முறையும் 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து, மீதியை எடுக்க வேண்டும். 16807 என்பது ஐந்து 7-களைப் பெருக்கினால் வருவது. 1988-ல் ஸ்டீபன் பார்க், கீத் மில்லர் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள், அப்போது புழக்கத்தில் இருந்த பல தாயக்கட்டைகள் மோசம், குறைந்தபட்சம் இதையாவது பயன்படுத்துங்கள் என்று எழுதினார்கள். 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 646 எண்கள் ஒன்றுவிடாமல் வந்துபோன பிறகுதான் இது புறப்பட்ட 1-க்குத் திரும்பும்.

கேம்ஸ், கணிப்புகள், பரிசோதனைக் கணக்குகள் என்று பல இடங்களில் இந்தத் தாயக்கட்டை உருண்டிருக்கிறது. இன்று இதைவிட நல்லவை நிறைய வந்துவிட்டன. பாஸ்வேர்டு, ஓடிபி மாதிரி ரகசிய வேலைகளுக்கு இது ஆகவே ஆகாது. ஒரு எண்ணைப் பார்த்துவிட்டால் அடுத்ததை யார் வேண்டுமானாலும் பெருக்கிக் கண்டுபிடித்துவிடலாமே! ஆனாலும் ஓய்வுபெற்றுவிடவில்லை. சி பிளஸ் பிளஸ் என்ற கம்ப்யூட்டர் மொழியின் 2011-ம் ஆண்டு விதிகளிலேயே இதற்கு இடம் உண்டு. சரியாகச் செய்திருக்கிறார்களா என்று சோதிக்க ஒரு வழியையும் அந்த விதிப் புத்தகமே சொல்கிறது. 1-ல் தொடங்கினால் முதலில் வருவது 16807. அடுத்து 282475249. பிறகு 1622650073. பொறுமை இருப்பவர்கள் தொடரலாம், 10,000-வது எண் 1043618065 ஆக இருக்க வேண்டும்.